ஒரு தக்காளியும் ஒரு பென்ஷன் புத்தகமும்

கேள்வி இதுதான்: பிரெஞ்சு இயக்குநர் ரஷீத் பூஷாரெப் எடுத்த போர்ப் படத்தைப் பார்த்துவிட்டு அந்நாட்டு அதிபரே சட்டத்தை மாற்றினார் என்கிறார்களே, அது உண்மையா? காலனிய வரலாறு, இன வேற்றுமை பற்றிய அவருடைய படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

பாதி உண்மை. அந்தப் பாதியே பெரிய விஷயம்தான். ஆனால் மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் படத்தை மட்டும் கொண்டாடினால், பல ஆண்டுகள் அலுவலகப் படியேறி மனுக்கொடுத்த கிழவர்களை மறந்தவர்களாகிவிடுவோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2006 செப்டம்பர் 27, புதன்கிழமை. பிரான்ஸில் புதுப்படங்கள் வெளியாகும் கிழமை அது. நீங்கள் கேட்கும் அந்த இரண்டாம் உலகப் போர்ப் படம், 'அந்திஜேன்', அன்றுதான் திரைக்கு வந்தது. அதே நாளில் அமைச்சரவை கூடி, பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் போரிட்ட முன்னாள் காலனி நாட்டு வீரர்களின் போர்க்கால ஓய்வூதியத்தைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக்குவதாக அறிவித்தது. ஏறத்தாழ 80,000 பேருக்குப் பொருந்தும் முடிவு. அதிபர் ஜாக் ஷிராக் அந்த மாதத் தொடக்கத்திலேயே தம் மனைவியோடு சிறப்புக் காட்சியில் படத்தைப் பார்த்திருந்தார். படம் பார்த்ததும், அறிவிப்பு வந்ததும், படம் வெளியானதும் எல்லாம் ஒரே மாதத்துக்குள். இந்த அளவுக்குக் கதை உண்மை.

பூஷாரெப் பாரிஸில் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1985 முதல் படம் எடுக்கிறார். அவருடைய படங்கள் மூன்று முறை வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்குச் சென்றிருக்கின்றன. மூன்று முறையும் அல்ஜீரியாவின் சார்பில்தான். பிரான்ஸில் பிறந்த ஒருவர் பிரான்ஸின் வரலாற்றைப் பிரான்ஸின் பணத்தையும் சேர்த்துப் படமாக்க, அந்தப் படம் அல்ஜீரியப் படமாக ஆஸ்கருக்குப் போகிறது. அவர் எந்த நாட்டு இயக்குநர் என்று யாராவது கேட்டால், கேள்வியே சரியில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் படத்தின் பெயர். ஆங்கிலத்தில் அதற்கு 'டேஸ் ஆஃப் க்ளோரி' என்று பெயர் வைத்தார்கள். புகழ்மிக்க நாள்கள் என்று பொருள்படும் அந்தத் தலைப்பு, மூலப் பெயரில் இருந்த முள்ளை எடுத்துவிட்டது. 'அந்திஜேன்' என்றால் மண்ணின் மக்கள் என்று அகராதி சொல்லும். காலனி ஆட்சியில் அதன் பொருள் வேறு. வெள்ளை அதிகாரிகள் இந்தியரை 'நேட்டிவ்' என்று அழைத்தபோது அந்தச் சொல்லில் என்ன ஒலித்ததோ, அதேதான் இதிலும் ஒலித்தது. ஒரு வேறுபாடு உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் அது சட்டப் பிரிவாகவே இருந்தது. அல்ஜீரியாவில் 1881 முதல் 'அந்திஜேனா' என்ற தனிச் சட்டத்தொகுப்பே இருந்தது. குடிமகனுக்கு ஒரு சட்டம், 'அந்திஜேனு'க்கு வேறு சட்டம். அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போனால்கூட தண்டனை. அல்ஜீரியாவில் 1944 மார்ச்சில்தான் அது நீக்கப்பட்டது. இந்தப் படத்தின் வீரர்கள் பட்டாளத்தில் சேர்வது 1943-இல். அவர்கள் காப்பாற்றப் போவது எந்தப் பிரான்ஸை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

கதை எளிமையானது. அல்ஜீரியாவின் செத்திஃப் பகுதியில் ஆடு மேய்க்கும் சயீத், கல்வியும் பதவி உயர்வும் கனவாகக் கொண்ட கார்ப்பரல் அப்தெல்காதெர், குறிபார்த்துச் சுடுவதில் வல்லவரான மெசாவூத், தம்பியோடு பட்டாளத்துக்கு வந்த மொராக்கோக்காரர் யாசிர். இந்த நால்வரும் இத்தாலிய மலைகளில் தொடங்கி, தெற்குப் பிரான்ஸில் கரையிறங்கி, குளிர்காலத்தில் கிழக்குப் பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேர்கிறார்கள். பார்க்காதவர்களுக்காக அங்கே நடப்பதை விவரமாகச் சொல்லாமல் விடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது தக்காளிக் காட்சியைப் பற்றி. கப்பலில் சாப்பாட்டு வரிசை. தட்டை நீட்டிக்கொண்டு வீரர்கள் நகர்கிறார்கள். ஒரு கறுப்பின வீரரின் முறை வருகிறது. பரிமாறுபவர் தக்காளி தர மறுக்கிறார். அது அவர்களுக்கு இல்லையாம். யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை. பரிமாறுபவரிடம் வெறுப்புகூட இல்லை, உத்தரவு அப்படி. அப்தெல்காதெர் முன்னால் வந்து தக்காளிகளைத் தம் பூட்ஸ் காலால் மிதித்து நசுக்குகிறார். ஜெர்மன் தோட்டாவுக்கு நாங்களும் அவர்களும் ஒன்றுதானே என்பது அவருடைய வாதம். விஷயம் மேலதிகாரிவரை போய், எல்லோருக்கும் தக்காளி என்று உத்தரவு வருகிறது.

பூஷாரெபின் கலை இந்த ஒரு காட்சியில் முழுவதும் இருக்கிறது என்பேன். இன வேற்றுமையைப் பற்றிய பெரும்பாலான படங்கள் ஒரு கொடியவனைக் காட்டும். அவன் வசைபாடுவான், அடிப்பான். நாம் அவனை வெறுத்துவிட்டு, நாம் அவனைப் போல இல்லை என்ற நிம்மதியோடு வெளியே வருவோம். பூஷாரெப் காட்டுவது பங்கீட்டை. யாருக்குத் தக்காளி, யாருக்கு விடுப்பு, யாருக்குச் சார்ஜெண்ட் பட்டை, யாருடைய கடிதம் போய்ச்சேரும் என்ற கணக்கை. வேற்றுமை என்பது அவருக்கு ஒருவரின் மனக்கோணல் அல்ல. அது பேரேட்டில் எழுதப்பட்ட வரி. பேரேட்டில் எழுதியதைத் திருத்தவும் முடியும் என்பதால்தான் இந்தப் படத்தால் ஓர் அரசைத் தொட முடிந்தது.

மெசாவூதின் கடிதத்தையும் பாருங்கள். மார்செய் நகரில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணோடு அவருக்குக் காதல். போர்முனைக்குப் போனபின் கடிதம் எழுதுகிறார், புகைப்படத்தை வைத்து அனுப்புகிறார். ராணுவத் தணிக்கை மேசையில் ஒருவர் அதைப் பிரித்துப் பார்க்கிறார். அரபுப் பெயர், பிரெஞ்சுப் பெண். கடிதம் ஒதுக்கி வைக்கப்படுகிறது. அந்தப் பெண் அங்கே காத்திருக்கிறாள். இவர் இங்கே, அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறார். மேசைக்குப் பின்னாலிருந்தவருக்கு இது அன்றைய நூறு கடிதங்களில் ஒன்று.

சயீதாக நடித்த ஜமேல் தெபூஸைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவயதில் நேர்ந்த ரயில் விபத்தில் அவருடைய வலது கை செயலிழந்துவிட்டது. படம் முழுக்க அந்தக் கை உடுப்பின் பைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கையோடு ஒருவர் காலாட்படை வீரராக நடிக்கிறார், படம் அதற்குக் காரணம் எதுவும் சொல்வதில்லை. முதல்முறை எனக்கு அது உறுத்தியது. இரண்டாம் முறை, அந்தப் பைக்குள் கிடக்கும் கையை நான் மறந்தேபோனேன். நகைச்சுவை நடிகராகப் பிரான்ஸில் வீட்டுக்கு வீடு தெரிந்த அவர், இந்தப் படத்தின் தயாரிப்பிலும் பங்கேற்றார். 2006 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசு அவருக்கும், சமி நாசெரி, ரோஷ்தி ஜெம், சமி பூஅஜிலா, பெர்னார் ப்ளான்கான் ஆகியோருக்கும் சேர்த்து ஐவருக்கும் பொதுவாகத் தரப்பட்டது. ப்ளான்கான் நடித்த சார்ஜெண்ட் மார்த்தினெஸ் பாத்திரம் நுட்பமானது. அல்ஜீரியாவில் குடியேறிய வெள்ளையர் வகுப்பைச் சேர்ந்த அவர், தம் தாய் அரபுப் பெண் என்பதை மறைத்து வாழ்பவர். அவர் பையிலிருக்கும் தாயின் புகைப்படத்தைச் சயீத் பார்த்துவிடுகிறான். 'நாம் இருவரும் ஒன்றுதானே' என்று அன்போடு நெருங்கியதுதான் சயீத் செய்த குற்றம். அதற்குப் பிறகு மார்த்தினெஸ் காட்டும் ஆத்திரம், எந்தச் சட்டத்தொகுப்பையும்விட அந்தச் சமூகத்தைத் தெளிவாக விளக்குகிறது.

இதெல்லாம் கற்பனையா, நடந்ததா என்றால், பாத்திரங்கள் கற்பனை, பின்னணி நடந்தது. 1944 ஆகஸ்ட் 15 அன்று தெற்குப் பிரான்ஸில் கரையிறங்கத் தொடங்கிய பிரெஞ்சுப் படையில் வட ஆப்பிரிக்கரும் மேற்கு ஆப்பிரிக்கரும் பெரும் பங்கு வகித்தார்கள். தூலோனும் மார்செய்யும் மீட்கப்பட்டது அவர்கள் ரத்தத்தில். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் வேறொன்று நடந்தது. வரலாற்று நூல்கள் அதற்கு 'வெள்ளையடிப்பு' என்றே பெயர் சொல்கின்றன. குளிர் தாங்கமாட்டார்கள் என்ற காரணம் காட்டி, சுமார் 15,000 கறுப்பின வீரர்கள் முனையிலிருந்து விலக்கப்பட்டு, அவர்கள் இடத்தில் பிரெஞ்சு எதிர்ப்பியக்க இளைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள். பலர் தங்கள் மேலங்கியையும் துப்பாக்கியையும் அந்த இளைஞர்களிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு கேமராக்காரர் வருகிறார். விடுதலையடைந்த கிராமத்து மக்களையும் அப்போதுதான் வந்து சேர்ந்த வெள்ளை வீரர்களையும் சேர்த்து நிறுத்திப் படமெடுக்கிறார். கிராமத்தை உண்மையில் காத்தவர் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார். இதைப் பூஷாரெபின் மிகை என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன மேலங்கிகளை நினைத்துப் பார்க்கட்டும்.

இனி அந்தப் பென்ஷன் விவகாரம். 1959 டிசம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவு, 71-ஆம் பிரிவு. முன்னாள் காலனி நாடுகளின் குடிமக்களுக்குத் தரப்படும் ஓய்வூதியம் 1961 முதல் அன்றைய தொகையிலேயே நிறுத்தப்படும் என்றது. விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாது. இதற்குப் பிரெஞ்சு அதிகாரிகள் வைத்த பெயர் 'படிகமாக்கல்'. உப்பு பாத்திரத்தின் அடியில் உறைந்துபோவதைப் போல, தொகையும் உறைந்துவிடும். எந்த நாட்டுக்கு எப்போது உறைந்தது என்பதும் வேறுபட்டது. செனகல்காரர்களுக்கு அது 1975-இல்தான் வந்தது. அதனால் ஒரே போரில் ஒரே அளவு உடல் ஊனமடைந்த வீரர்களுக்கிடையே இப்படி ஒரு கணக்கு உருவானது. 2006-ஐ ஒட்டிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த எண்கள் இவை: முழு ஊனமடைந்த பிரெஞ்சு வீரருக்கு மாதம் 690 யூரோ, செனகல்காரருக்கு 230, கேமரூன்காரருக்கு 104, மொராக்கோக்காரருக்கும் துனீசியக்காரருக்கும் 61. இழந்த கால் ஒன்றுதான், கையிலிருக்கும் பாஸ்போர்ட்தான் வேறு.

எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கின் மறுபக்கம் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பதக்கங்களை பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று மட்டும் அவற்றை எடுத்துத் துடைத்து, கோட்டில் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்துக்கு நடந்து போவார். அவருக்குப் பிரெஞ்சுப் பென்ஷன் குறையாமல் வந்தது. மாடி வீடு அந்தப் பணத்தில் எழுந்தது. காரணம், 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். அவரோடு இந்தோசீனாவில் ஒரே கூடாரத்தில் படுத்திருந்த அல்ஜீரியரும் செனகல்காரரும் தங்கள் நாடு விடுதலை பெற்ற பாவத்துக்குப் பழைய தொகையோடு நின்றுபோனார்கள். 'அந்திஜேன்' பார்த்த அன்றுதான் இந்த இரண்டையும் நான் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தேன். அதுவரை அந்தப் பென்ஷன் என்பது எனக்கு எங்கள் தெருவின் ஒரு மாடி வீடு, அவ்வளவுதான்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். படம் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1989-இல், 743 செனகல் வீரர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முன் வழக்காடி வென்றார்கள். பாகுபாடு நிகழ்ந்திருக்கிறது என்று குழு தீர்ப்புச் சொன்னது. பிரான்ஸ் அசையவில்லை. 2001 நவம்பர் 30 அன்று பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றமே, 1937-இல் பட்டாளத்தில் சேர்ந்த அமாது தியோப் என்ற செனகல்காரரின் வழக்கில், இந்த உறைநிலை ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்துக்கு முரணானது என்றது. அதற்கு அரசு கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். 2002-இல் புதுச் சட்டம் போட்டு, ஒவ்வொருவரும் வாழும் நாட்டின் விலைவாசிக்கு ஏற்பத் தொகையைத் திருத்துவோம் என்றது. அங்கே அரிசி மலிவு, ஆகவே உனக்குக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்ற தர்க்கம். போர்முனைக்கு அனுப்பும்போது ஊர் விலைவாசியை யாரும் கேட்கவில்லை.

ஆகவே 2006-இல் அரசுக்குத் தெரியாத எதையும் படம் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் இருக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் பிரான்ஸில் விற்றன. தீர்ப்பைப் படித்தவர்கள் சில நூறு பேர் இருந்திருப்பார்கள். தக்காளியைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். ஆனாலும் ஷிராக் அறிவித்த உயர்வு, போர் வீரர்களுக்கான உதவித்தொகைக்கும் ஊன ஓய்வூதியத்துக்கும் மட்டும்தான். நிலுவைத் தொகை கிடையாது. பட்டாளத்தில் முழுப் பணிக்காலம் இருந்தவர்களின் சாதாரணப் பணி ஓய்வூதியம் உறைந்தபடியே கிடந்தது. அது உருகியது 2010 மே 28 அன்று. குடிமக்கள் ஒரு சட்டத்தை அரசியலமைப்பு மன்றத்தின் முன் எதிர்க்கலாம் என்ற புதிய நடைமுறை அந்த ஆண்டு மார்ச்சில்தான் வந்திருந்தது. அதன்கீழ் மன்றம் வழங்கிய முதல் தீர்ப்பே இதுதான்: பாகுபாடு செல்லாது. 2011 முதல் முழுச் சமத்துவம் வந்தது. அதற்குள் பட்டியலில் இருந்த எத்தனையோ பெயர்களுக்கு நேராக மரணத் தேதி எழுதப்பட்டுவிட்டது.

அந்தத் தீர்ப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 21 அன்று, பூஷாரெபின் அடுத்த படம் 'ஓர் லா லுவா' கான் விழாவில் திரையிடப்பட்டது. சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்று பொருள். இம்முறை பாராட்டு இல்லை. கான் நகரத் தெருவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். அல்ஜீரியாவிலிருந்து வெளியேறிய வெள்ளையர் குடும்பத்தினர், முன்னாள் படைவீரர்கள், ஆளுங்கட்சிப் பிரமுகர்கள். அரங்கைச் சுற்றிப் போலீஸ். படத்தை அவர்கள் பார்த்திருக்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே எதிர்த்தார்கள்.

ஏன் இவ்வளவு கோபம்? முதல் படம் பிரான்ஸிடம், 'உனக்காக நாங்கள் செத்தோம், எங்களையும் சேர்த்துக்கொள்' என்றது. அதை ஏற்பதில் பிரான்ஸுக்கு ஒரு பெருந்தன்மையின் இன்பம் இருந்தது. இரண்டாவது படம் 1945 மே 8-இல் கைவைக்கிறது. ஐரோப்பா முழுவதும் வெற்றியைக் கொண்டாடிய அதே நாள், செத்திஃபில் ஊர்வலம் போன அல்ஜீரியர்கள் தங்கள் கொடியைத் தூக்கினார்கள். கொடியைப் பிடித்திருந்த பூசித் சால் என்ற இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். கலவரம் மூண்டு நூறு பேரளவில் ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். தொடர்ந்த வாரங்களில் செத்திஃப், கெல்மா, கெராத்தா பகுதிகளில் ராணுவமும் ஆயுதமேந்திய குடியேறிகளும் பழிதீர்த்தபோது இறந்த அல்ஜீரியர் பல்லாயிரம். அல்ஜீரியா சொல்லும் எண்ணிக்கை 45,000. முதல் படத்தின் சயீத் செத்திஃப்காரன் என்பது இப்போது நினைவுக்கு வரட்டும். அவன் பிரான்ஸை மீட்கப் புறப்பட்ட ஊரில்தான் இது நடந்தது. பூஷாரெப் அந்த ஊர்ப் பெயரைத் தற்செயலாகத் தேர்ந்திருக்க மாட்டார்.

படமாகச் சொன்னால் 'ஓர் லா லுவா' எனக்கு முழு நிறைவு தரவில்லை. நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் மூன்று மகன்கள், பாரிஸுக்கு வெளியே நாந்தேரில் அல்ஜீரியத் தொழிலாளர்கள் வாழ்ந்த தகரக் குடிசைப் பகுதி, தலைமறைவு இயக்கம், 1961 அக்டோபர் 17 அன்று அல்ஜீரியர் ஊர்வலத்தின் மீது பாரிஸ் போலீஸ் நடத்திய கொடுமை என்று கதை நீள்கிறது. துப்பாக்கியும் தொப்பியும் காருமாகச் சில இடங்களில் அமெரிக்க மாஃபியாப் படத்தின் சாயல் அதிகம். செத்திஃப் நகரத் தெருவிலேயே எல்லாப் படுகொலையும் ஒரே மணி நேரத்தில் நடந்ததுபோலக் காட்டியிருப்பதை வரலாற்றாசிரியர்கள் குறை சொன்னார்கள். அது நியாயமான குறை. பெரும்பாலான கொலைகள் அடுத்த நாள்களில் கிராமப்புறங்களில் நடந்தவை. ஆனால் இதில் ஒரு துணிச்சல் உண்டு. விடுதலை இயக்கம் தன் சொந்த மக்களையே கொன்றதைப் படம் மறைக்கவில்லை. இயக்கத்துக்குச் சந்தா கட்டாத தொழிலாளியும், போட்டி இயக்கத்தின் ஆதரவாளனும் கழுத்து நெரிபடுகிறார்கள். கொலைசெய்துவிட்டு வந்த அண்ணன் தம்பிகள் இரவில் தூங்க முடியாமல் கிடக்கிறார்கள். ஊர்வலம் போனவர்கள் இதைக் கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'அந்திஜேன்' மீதும் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1944-இல் இத்தாலியில் மொராக்கோ படைப்பிரிவினர் சிலர் கிராமத்துப் பெண்கள் மீது நடத்திய பாலியல் வன்முறை இத்தாலியர் மறக்காத வரலாறு. படம் இத்தாலியில் தொடங்கியும் அதைத் தொடவில்லை. மரியாதை கேட்டு வருபவர்களை அப்பழுக்கற்றவர்களாகக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. புரிந்துகொள்ள முடிகிறது, ஆனாலும் அது ஒரு பள்ளம்தான். இன்னொன்று, தக்காளி மறுக்கப்பட்ட அந்தக் கறுப்பின வீரர் அதற்குப் பிறகு கதையில் இல்லை. அவருடைய கதைக்கு நீங்கள் பூஷாரெபே 2004-இல் எடுத்த 'லாமி யா போன்' என்ற அனிமேஷன் குறும்படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். 'யா போன்' என்பது பனானியா என்ற கொக்கோப் பொடியின் விளம்பர வாசகம். சிவப்புத் தொப்பி போட்ட செனகல் வீரர் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கொச்சைப் பிரெஞ்சில் 'நல்லாயிருக்கு' என்பார். பல தலைமுறைகளாகப் பிரெஞ்சுக் குழந்தைகளின் காலை உணவு மேசையில் இருந்த டப்பா அது. அந்தச் சிரிப்பைப் பிரான்ஸின் சுவர்களிலிருந்தெல்லாம் கிழித்தெறிவேன் என்று செனகல் கவிஞர் செங்கோர் எழுதினார். பூஷாரெப் அந்தச் சிரிப்பின் பெயரை வைத்துக்கொண்டு, 1944 டிசம்பர் 1 அன்று செனகலின் டக்காருக்கு அருகே தியாரொய் முகாமில் நடந்ததைச் சொல்கிறார். ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்க வீரர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. சில நிமிடப் படம்தான். வசனம் என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை.

2022-இல் வந்த 'நோ ஃப்ராஞ்சேன்' பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம். நம் சகோதரர்கள் என்று கொள்ளலாம், கொஞ்சம் வீட்டுப் பேச்சுச் சாயலோடு. காலனி போய்விட்டது, போர் முடிந்துவிட்டது. 1986 டிசம்பர் 5-ஆம் தேதி இரவு. பாரிஸில் பல்கலைக்கழக மசோதா ஒன்றை எதிர்த்து மாணவர் போராட்டம். அதில் கலந்துகொள்ளாத மாலிக் உசெகின் என்ற 22 வயது மாணவர், இருவர் இருவராக மோட்டார் சைக்கிளில் வரும் போலீஸ் படையினரால் துரத்தப்பட்டு ஒரு கட்டடத்தின் வாசல் கூடத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. அந்தச் சாவு நாட்டையே உலுக்கியது. அமைச்சர் ஒருவர் பதவி விலகினார், மசோதா திரும்பப் பெறப்பட்டது, அந்தப் போலீஸ் பிரிவு கலைக்கப்பட்டது. அதே இரவில், புறநகரான பாந்தேனில், அப்தெல் பென்யாஹியா என்ற இன்னோர் இளைஞர், பணியில் இல்லாத, குடித்திருந்த போலீஸ் அதிகாரி ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அவர் பெயர் பலருக்குத் தெரியாது. பூஷாரெப் இரண்டு சாவையும் அருகருகே வைக்கிறார். அப்தெலின் தந்தையாக நடித்த சமீர் கெஸ்மி அலுவலகம் அலுவலகமாக மகனைத் தேடி அலைகிறார். மகன் இறந்த செய்தியைப் போலீஸ் உடனே சொல்லாமல் வைத்திருக்கிறது. தகப்பன் நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுத்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் போதும். கப்பலில் தட்டை நீட்டிய வீரர் நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு வரிசையில் நிற்பது தெரியும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். 'அந்திஜேனி'லிருந்துதான். பிறகு நேராக 'நோ ஃப்ராஞ்சேன்'. 'ஓர் லா லுவா'வை மூன்றாவதாகப் பாருங்கள், அப்போது அதன் குறைகள் உறுத்தாது. அடிமை வாணிப வரலாற்றில் ஆர்வமிருந்தால் 2001-இல் வந்த 'லிட்டில் செனகல்' உண்டு. செனகலின் கோரே தீவிலுள்ள அடிமை இல்லத்தில் வழிகாட்டியாக இருக்கும் முதியவர், கடத்தப்பட்ட தம் முன்னோரின் வழித்தோன்றல்களைத் தேடி அமெரிக்கா போகிறார். அங்கே கறுப்பின மக்களே அவரை அந்நியனாகப் பார்க்கிறார்கள். சொதிகி கூயாத்தேயின் நெடிய உருவமும் நிதானமும் அந்தப் படத்தைத் தாங்குகின்றன. மற்ற படங்கள் பிறகு.

'அந்திஜேன்' பார்க்கும்போது, தயவுசெய்து கடைசி இரண்டு நிமிடங்களுக்கு முன் எழுந்துவிடாதீர்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, வயதான ஒருவர் அல்சாஸ் கல்லறைத் தோட்டத்தில் நின்றுவிட்டு, பஸ் பிடித்து, தொழிலாளர் விடுதியில் தம் அறைக்குத் திரும்புகிறார். ஒரு கட்டில், ஒரு மேசை. ஏன் அவர் தம் ஊரில் பேரப்பிள்ளைகளோடு இல்லாமல் பிரான்ஸின் ஓர் அறையில் தனியே இருக்கிறார் என்று படம் விளக்குவதில்லை. விளக்கம் இன்னொரு சட்டத்தில் இருந்தது. ஏழை முதியோர்க்கான உதவித்தொகை வேண்டுமானால் அப்போது ஆண்டில் குறைந்தது ஆறு மாதம் பிரான்ஸ் மண்ணில் வாழ வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் நிரந்தரமாகத் தங்கினால் தொகை நின்றுவிடும். 2006 அறிவிப்பு இதைத் தொடவில்லை. 2010 தீர்ப்பும் தொடவில்லை.

அது தளர்ந்தது 2023 ஜனவரியில், செனகல் வீரர்களைப் பற்றிய வேறோர் இயக்குநரின் படம் பிரான்ஸில் திரைக்கு வந்த அதே வாரத்தில். மறுபடியும் ஒரு படம், மறுபடியும் ஓர் அறிவிப்பு. அந்த நேரத்தில் பிரான்ஸில் உயிரோடு இருந்த இத்தகைய செனகல் வீரர்கள் சில டஜன் பேர் மட்டுமே. ஏப்ரல் கடைசியில் அவர்களில் ஒன்பது பேர், எல்லோரும் எண்பத்தைந்து வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், பாரிஸுக்கு அருகே போந்தியில் பல ஆண்டுகள் தங்கியிருந்த விடுதி அறைகளைக் காலிசெய்து, கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு டக்காருக்கு விமானம் ஏறினார்கள்.